பழைய வயரில் வந்தவள்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பெரகல சந்தியில் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு விட்டுப் பிழைத்தவன், திரையில் நிழலாடினால் வயரைத்தான் திட்டுவேன். நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்தது இதுதான்.

எண்பதுகளின் நடுவில், கொஸ்லந்தப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மாரிமுத்து வந்து கூப்பிட்டார். அவர் மகள், மாமன் குடும்பத்தோடு இந்தியா போனவள். பெற்றோருக்குக் குடியுரிமைப் பத்திரம் கிடைக்காமல் இங்கேயே நின்றுவிட்டார்கள். அங்கே நடந்த அவள் கல்யாண வீடியோ கெசட் அப்போதுதான் வந்திருந்தது. பார்க்கத் தாய் ராக்கம்மா உயிரோடு இல்லை. கல்யாணத்துக்குக் கொஞ்சநாள் முன்தான் மழையில் மண் சரிந்து, கொழுந்து மலையிலேயே, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு புதைந்துபோனாள். பாவி மழை.

வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விடும் பிள்ளைக்காம்பராவில் தொட்டில்களை ஓரங்கட்டி, ஜெனரேட்டர் போட்டு ஓடவிட்டேன். லயத்துச் சனம் அத்தனையும் கூடியிருந்தது. டெக்கிலிருந்து டிவிக்குப் போகும் வயர் பழசு, படம் முழுக்கப் புள்ளி. நம்புங்கள், அந்தப் புள்ளிக்குள் மணப்பெண்ணுக்குப் பின்னால் ஒருத்தி நிற்கிறாள், இடுப்பில் படங்கு, அதிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

"ஆத்தாடி, நம்ம ராக்கம்மா!" என்று ஒரு பெண் அலறினாள்.

எனக்கு எரிச்சல். புது வயரை மாட்டி, கெசட்டைத் திரும்பச் சுற்றிப் போட்டேன். பளிச்சென்று படம். பெண் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் யாருமில்லை.

மாரிமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "மொதலாளி, பழைய வயரையே மாட்டுங்க. எனக்குத் தெளிவா வேணாங்க. கடைசியா அவ மூஞ்சியக்கூட எனக்குக் காட்டலீங்க."

மாட்டினேன். வந்தாள். இந்த முறை குனிந்து, திருநீறு பூசுவதுபோல் மகள் நெற்றியில் கட்டைவிரலை வைத்தாள். பிறகு நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள்.

"போய்ப் பாத்துட்டியா புள்ள?" என்றார் மாரிமுத்து. அழவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

அத்தோடு திரை முழுக்கப் புள்ளியாகிவிட்டது. சனத்தை அமர்த்தவேண்டுமே என்று மறுபடி புது வயரைப் போட்டேன். பின்னால் யாருமில்லை. ஆனால் பெண்ணின் நெற்றியில் ஒரு விரலகலத்துக்குச் செம்மண்.

பிறகு மாரிமுத்துவிடம் அந்தக் கெசட்டைக் கேட்டு வாங்கிவந்து, என் கடையில், வேறு டெக்கில், வேறு டிவியில் போட்டுப் பார்த்தேன். செம்மண் அப்படியே இருந்தது. அந்தப் பெண் மடியிலிருந்து ஒரு கையை எடுத்து, நெற்றியைத் தொட்டு, மெதுவாகத் திரும்பிப் பின்னால் பார்க்கிறாள். முதலில் தெளிவாகப் பார்த்தபோது அவள் அசையவே இல்லை.