ஷட்டர் சக்கரத்தில் நான்கு கைகள்

ஜெபக் கூட்டத்தில் யாராவது பேய், பிசாசு என்று சாட்சி சொல்ல ஆரம்பித்தால் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிற ஆள் நான். பாறசாலையில் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறேன், நாள் முழுக்கக் கம்பி, சிமென்ட், பைப் என்று கையில் பிடித்துப் பார்க்கிற சாமான்களோடுதான் எனக்குப் பழக்கம். இதைக் கேட்டுவிட்டு நீங்கள் உள்ளுக்குள் சிரிப்பீர்கள், தெரியும், சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு யாரையும் நம்ப வைக்கவேண்டிய அவசியம் இல்லை.

எங்கள் வீடு கொல்லயில் பக்கம், தோடு என்று நாங்கள் சொல்கிற ஓடையின் ஓரத்தில், ஒரு சின்ன அணைக்குக் கீழே இருந்தது. அணை என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மழைத் தண்ணீர் ஒரேயடியாகக் கீழே பாயாமல் தடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்குக் கட்டியது. நடுவில் கான்கிரீட், அதில் ஒரு இரும்பு ஷட்டர், மேலே அதைத் தூக்கவும் இறக்கவும் ஒரு கைச்சக்கரம், இரண்டு பக்கமும் மண் கரை. சக்கரத்தின் பல்லெல்லாம் துரு, கான்கிரீட் வெடிப்பில் ஒரு அரசங்கன்று. மண் கரையின் அடியில் எப்போதும் நூல் மாதிரி தண்ணீர் கசிந்துகொண்டிருக்கும். பார்க்க வந்த இஞ்சினியர், தெளிந்த தண்ணீர் வந்தால் பயமில்லை, கலங்கி வந்தால்தான் உள்ளே மண் கரைந்து போகிறது என்று அர்த்தம் என்று சொல்லி, போட்டோ எடுத்துக்கொண்டு போனார், அவ்வளவுதான் பராமரிப்பு. ஷட்டரை இயக்குவதற்கு வைத்திருந்த தற்காலிக ஆளும் வேலையை விட்டுப் போனான், வேறு ஆளைப் போடவில்லை. அப்புறம் சக்கரம் முந்தி வருகிறவர்கள் கையில்தான்.

அதில்தான் சண்டை. ஷட்டரை அடைத்தால் மேல்கரைக்காரர்களின் வாழையும் மரச்சீனிக் கிழங்கும் முங்கும். திறந்தால் எங்கள் அடுக்களைக்குள் தண்ணீர் வரும். அவர்கள் வந்து தூக்குவார்கள், நாங்கள் போய் இறக்குவோம். இரண்டு பக்கமும் ஒரே சர்ச், ஒரே கடை, ஒரே பஸ், ஆனால் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னொருவர் போவது எப்போதோ நின்றுவிட்டது. மேல்கரைக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் சுகுமாரன். அறுபது வயசிருக்கும், வாழைக்காரர், வாயைத் திறந்தால் வழக்குத்தான். எங்கள் பக்கத்து ஆள் ஒருவரின் பைக்கை ராத்திரியோடு ராத்திரியாகத் தோட்டில் தள்ளியது அவர்தான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அந்த ஐப்பசித் துலாவர்ஷ மழையில் என் வீட்டுக்காரர் ராஜன் படுக்கையில் இருந்தார். பெயின்டிங் வேலைக்குப் போன இடத்தில் சாரத்திலிருந்து விழுந்து, தொடை எலும்பில் கம்பி வைத்திருந்தது. தையல் ஆறவில்லை, காலை ஊன்றவே கூடாது. விடாத மழை. மத்தியானம் பார்க்கிறேன், முற்றத்தில் தண்ணீர். மேல்கரைக்காரர்கள் ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள் என்று தெரிந்துபோயிற்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே ஸ்கூலில் திறந்த முகாமுக்குப் போய்விட்டார்கள். ஆட்டோக்காரனைக் கூப்பிட்டால், ரோட்டில் தண்ணீர் கொஞ்சம் வடியட்டும் அக்கா, வாறேன் என்றான். அணையைப் பார்க்கிற ஆபீசுக்கு அடித்த போனை யாரும் எடுக்கவில்லை. எனக்கு வந்த கோபத்தில், நான் போய் ஷட்டரை இறக்கிவிட்டு வாறேன் என்று ராஜனிடம் சொன்னேன். போகவேண்டாம், கூட இரு என்று அவர் சொன்னார். நான் கேட்கவில்லை.

அங்கே சுகுமாரன், பாதி தூக்கிய ஷட்டருக்குக் காவலாகச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். தண்ணீர்ச் சத்தத்தில் காதோடு சேர்த்துக் கத்தினால்தான் கேட்கும்.

"ஓய், கைய எடும். எனக்க வீட்டுக்குள்ள வெள்ளம் கேறப்போவுது. கெடப்பில ஆளு உண்டு."

"எனக்க வாழ மொத்தமும் முங்கியாச்சு பிள்ளே. என்னைய வெட்டிப்போட்டுட்டு எறக்கு."

மரியாதை எல்லாம் அதோடு போயிற்று. நானும் சக்கரத்தைப் பிடித்தேன். நான் இறக்கப் பார்க்க, அவர் தூக்கப் பார்க்க, அது இரண்டு பக்கமும் அசையாமல் நடுவில் நிற்க, அவர் என் அப்பனை இழுத்துப் பேச, நான் அவர் குடும்பத்தையே இழுத்துப் பேச, அப்போதுதான் அந்த ஆளைப் பார்த்தேன்.

அணைத் தண்ணீரின் நடுவில், இடுப்பளவு தெரிய ஒருவர் நின்றார். இரண்டு ஆள் உயரத்துக்கு ஆழம் உள்ள இடம் அது. வயசு சொல்ல முடியாது, எங்கள் ஊர் ஆட்களில் யாரையும் போல இருந்தார். முங்கின தோட்டத்திலிருந்து வாழைத்தடி மிதந்து வந்துகொண்டிருந்தது, ஒன்றுகூட அவர் மேல் முட்டவில்லை. நம்பினால் நம்புங்கள், அந்த மழையில் அவருடைய தலைமுடி காய்ந்திருந்தது.

மேல்கரைக்காரர்கள் ஆள் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். சுகுமாரனும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு, "ஆராக்கும் அது, ஒங்க ஆளா?" என்று கேட்டார். உங்க ஆளுதானே என்று நான் திருப்பிக் கேட்டேன்.

அந்த ஆள் பேசினார். பக்கத்தில் நிற்கிற எங்களுக்குள்ளேயே கத்தவேண்டியிருந்த சத்தத்தில், அவர் சாதாரணமாகப் பேசியது என் காதுக்குள் தெளிவாக விழுந்தது. "கைய விடாத. நீ விட்டா ஒனக்க கெட்டியவன் செத்தான்." நான் விடவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்தும் விடவில்லை. என் ஜென்மத்தில் யாரையும் அப்படி வெறுத்தது கிடையாது, அந்தக் கிழவனைத் தண்ணீரில் தள்ளிவிட்டால் என்ன என்று நினைத்தேன், உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. சுகுமாரனின் கண்ணிலும் அதுதான் இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

பிறகு எதற்கோ குனிந்தபோது கீழே மண் கரை கண்ணில் பட்டது. நூலாகக் கசிந்த இடத்தில் கை பருமனுக்குத் தண்ணீர் பீச்சிக்கொண்டிருந்தது, பால் விட்ட சாயா நிறத்தில். சுகுமாரனும் பார்த்துவிட்டார். சக்கரத்தை முதலில் விட்டது அவர்தான்.

"பிள்ளே, ஓடு. கர போவுது."

இரண்டு பேரும்தான் ஓடினோம். அவரும் எதற்கு என் வீட்டுக்கு ஓடி வந்தார் என்று நான் கேட்டதில்லை. ராஜனைக் கட்டிலோடு இழுக்க முடியவில்லை. சுகுமாரன் குனிந்து முதுகில் ஏற்றிக்கொண்டார். வாசலைத் தாண்டும்போது பின்னால் கரை சரிந்த சத்தம் கேட்டது. தண்ணீர் எங்களைக் கழுத்துவரைக்கும் முக்கிவிட்டுத்தான் மேட்டு ரோட்டில் ஏற விட்டது. வீட்டின் பின்சுவர் போயிற்று, கூரை போயிற்று. ராஜன் பிழைத்தார். ஆனால் ஆறாத தையலுக்குள் அந்தச் சேற்றுத் தண்ணீர் போய்ப் பழுத்து, முட்டுக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அங்க இவ்வளவு நேரம் என்ன செஞ்சிட்டிருந்த?"

விசாரணைக்கு வந்த அதிகாரிகள் சொன்னதுதான் என்னைக் கொன்றது. ஷட்டர் அடிவரைக்கும் இறங்கி, இறுகிப்போய்க் கிடந்ததாம். பாதி திறந்தபடியே விட்டிருந்தால் தண்ணீர் வடிந்திருக்கும், கரை ஒருவேளை தாங்கியிருக்கும், உங்கள் வீட்டில் முட்டளவு தண்ணீரோடு போயிருக்கும் என்றார்கள். மேல்கரை முழுக்க என் பேரைச் சொல்லித் தூற்றியது. இவள்தான் இறக்கினாள், சொந்தப் புருஷன் காலைத் தானே எடுத்தாள் என்று கடை வாசலிலேயே பேசினார்கள். நான் ஒரு விரல்கூட இறக்கவில்லை, அவர் விடவில்லை என்று வாக்குமூலம் கொடுத்தேன். என் எதிரியைப் பற்றி இதையும் சொல்லியாகவேண்டும், சுகுமாரனும் அதையேதான் சொன்னார். சக்கரம் அசையவே இல்லை சார் என்று சொன்னார். அப்படியென்றால் இறக்கியது யார்?

கொஞ்ச நாள் கழித்து வார்டு வாட்ஸாப் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. மேல்கரையில் ஒரு பெண், தோட்டம் முங்குவதை நஷ்ட ஈட்டுக்குக் காட்டுவதற்காக மொட்டை மாடியிலிருந்து எடுத்தது. ஓரத்தில் ஷட்டர் தெரிகிறது, நாங்கள் இரண்டு பேரும் தெரிகிறோம். கையை நீட்டி நீட்டிச் சண்டை போடுகிறோம். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தண்ணீர் பக்கம் திரும்புகிறோம். தண்ணீரில் வாழைத்தடிதான் மிதக்கிறது, ஆள் யாரும் இல்லை. நாங்கள் அசையாமல் நிற்கிறோம், ஒருவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருப்பதுபோல. சுகுமாரன் தலையாட்டுகிறார். நானும் தலையாட்டுகிறேன். பிறகு நான்கு கையும் சக்கரத்தில் ஒரே பக்கமாகத் திரும்புகிறது, அவசரமே இல்லாமல், ஷட்டர் அடிக்குப் போகிறவரைக்கும். ரெண்டும் ஒத்துமையாயிட்டு போல என்று அந்தப் பெண் மாடியில் நின்று யாரிடமோ சொல்வதும் கேட்கிறது. இறக்கி முடித்ததும் மறுபடியும் தண்ணீரைப் பார்க்கிறோம். அப்புறம்தான், ஏற்கெனவே அடைந்துவிட்ட சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவரையொருவர் இழுக்க ஆரம்பிக்கிறோம்.

போனை எடுத்துக்கொண்டு சுகுமாரன் வீட்டுக்குப் போனேன். அவர் பார்த்திருந்தார். அந்த ஆள் உம்மிடம் என்ன சொன்னான் என்று கேட்டேன். கைய விடாத, விட்டா ஒனக்க வாழ போச்சு என்று சொன்னானாம். அது சண்டை போட்டபோது சொன்னது, அதற்கு முன்னால் ரெண்டு பேரும் தலையாட்டினோமே, அப்போது என்ன கேட்டான் என்றேன். "எனக்கு ஓர்ம இல்ல பிள்ளே," என்று சொல்லிக் கதவை அடைத்துக்கொண்டார். அதோடு எங்களுக்குள் பேச்சும் இல்லை.

கரையை இப்போது கட்டி முடித்துவிட்டார்கள், ஷட்டருக்கும் புது பெயின்ட் அடித்தாயிற்று. நாங்கள் குன்னத்துகால் பக்கம் மேட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ராஜன் வீடியோவைப் பார்த்தார், அதற்குப் பிறகு ஒன்றும் கேட்பதில்லை. கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அந்த ஆள் எங்களிடம் எதையோ கேட்டிருக்கிறான், புருஷன் கீழே படுத்திருக்கிறார் என்று தெரிந்தும் நான் சரி என்று தலையாட்டியிருக்கிறேன். அவன் கேட்டது ராஜனின் காலோடு முடிந்துவிட்டதா, இன்னும் பாக்கி இருக்கிறதா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.