சோணை சொன்ன உடும்புக் கதை

டவுன் பஸ் கண்டக்டர் சோணைக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரியாமலேயே, பதினெட்டு வயதில், இங்கிலீஷ் படத்துக்குக் கதை சொன்னவர் அவர்.

பனைமர உயரத்தில் ஓர் உடும்பு ஏரியிலிருந்து கிளம்பி வந்து பட்டணத்தை மிதிக்கிற படம். மிதிக்கிற நேரம் கொஞ்சம். வெள்ளைக்காரர்கள் நின்று பேசுகிற நேரம்தான் அதிகம். தரை டிக்கெட்டில் ஒருத்தருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்திலிருந்தவர் என்னப்பா பேசிக்கிறாங்க என்று கேட்டதும், சோணை யோசிக்கவே இல்லை. அந்தத் தாடிக்காரன் உடும்போட முட்டையைத் திருடிட்டான், அதைத் தேடித்தான் தாய் உடும்பு வந்திருக்கு என்றார். அவ்வளவுதான், கொட்டகையே உடும்பின் கட்சிக்கு மாறிவிட்டது. படம் ஓடிய பதினொரு நாளும் சோணை போய் உட்கார்ந்து சொன்னார். கடைசி இரண்டு நாள் ஆட்கள் அவருக்கு இடம் போட்டு வைத்தார்கள்.

அழுதுகொண்டே கேட்டவர்களில் ஒச்சம்மாளும் ஒருத்தி. பின்னாளில் சோணை வீட்டார் பெண் கேட்டு வந்தபோது, உடும்புக் கதை சொன்னவரா என்று மட்டும் விசாரித்துவிட்டுத் தலையாட்டினாள்.

1995-இல் புதுப்படப் பெட்டி வந்துசேரத் தாமதமாக, தியேட்டர்காரர்கள் மூன்று பழைய பூதப் படங்களைக் காலைக் காட்சிக்குப் போட்டார்கள். முதல் நாள் உடும்பு. போஸ்டரைப் பார்த்ததும் சோணை லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒச்சம்மாளைக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே பாதிப்பேர் தலை நரைத்த பழைய ஆட்கள். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஜோசப் ராஜ் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்துகிறவர். இந்தப் படத்தை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறார்.

தாடிக்காரன் உருண்டையாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற கட்டம் வந்தது. பின்வரிசையில் நாலைந்து பேர், "முட்டையைக் குடுத்துர்றா" என்றார்கள். வாத்தியார் குழம்பிப்போய் சோணையின் காதருகே குனிந்தார். அது முட்டை இல்லை, விஷப்புகை நிரப்பிய குண்டு, உடும்பைக் கொல்லத்தான் கொண்டு போகிறான் என்றார்.

சோணைக்கு முகம் சுருங்கிவிட்டது. இவ்வளவு காலம் ஊரையே ஏமாற்றியிருக்கிறோமே என்று நெஞ்சு குறுகுறுத்தது. இடைவேளையில் முறுக்குத் தட்டு பக்கம் நின்றிருந்த பழைய ஆட்களிடம் போய், நான் சொன்னதெல்லாம் நானாக இட்டுக்கட்டியது, படத்தில் முட்டையே கிடையாது என்று சொல்லிவிட்டார். ஒருத்தர் முறுக்கைக் கடிப்பதையே நிறுத்திவிட்டார்.

ஒச்சம்மாள்தான் பேசினாள்.

"படம் எடுத்தவன் தப்பா எடுத்து வச்சிருக்கான். நீக சொன்னதுதேன் கதை."

அதற்குமேல் அவள் விளக்கவில்லை. மணி அடித்ததும் முதல் ஆளாக உள்ளே போய் உட்கார்ந்தாள்.

பிற்பாதியில் சோணை வாயை இறுக்கிக்கொண்டிருந்தார். உடும்பு குண்டை வாயில் கவ்விக்கொண்டு குகைக்குள் நுழைந்தது. உள்ளிருந்து வெள்ளைப் புகை வந்தது. தாடிக்காரன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஏதோ சொன்னான். வாத்தியாருக்கு அது புரிந்திருக்கும். ஆனால் அவர் சொல்லவில்லை. பின்வரிசை ஆள் ஒருத்தர் முன்னால் சாய்ந்து, "அண்ணே, சும்மா இருந்தா எப்படி, இப்ப என்ன ஆச்சு" என்று கேட்டார்.

சோணை திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் புகையில் உடும்பு செத்துப்போனது இன்றைக்குத்தான் அவருக்குத் தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முட்டை கிடைச்சிருச்சு. அடைகாக்க உள்ளே போயிருச்சு. இனிமே வராது."

கொட்டகை முழுக்கப் பெருமூச்சு. வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

வெளியே வெயிலில் கண் கூசியது. நாளைக்கு ராட்சதச் சிலந்திப் படம் என்று பலகையில் எழுதியிருந்தார்கள். வாத்தியார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர்கள் பக்கமாக வந்தார்.

"நாளைக்கும் வாரீகளா?"

லீவு இல்லையே என்று சோணை இழுத்தார். காய்ச்சல் என்று நானே இங்கிலீஷில் லெட்டர் எழுதித் தருகிறேன் என்றார் வாத்தியார்.