பேண்டு மாஸ்டர் குறைத்த பாட்டு

ஆம்பூரில் ஒரு மிஷன் பள்ளியில் நான் கணக்கு வாத்தியாராக இருந்தபோது, பேண்டு கற்றுக்கொடுக்க ஒருவர் வந்தார். பட்டாளத்தில் ஊதியவர். மீசை மட்டும் இன்னும் பட்டாளத்திலேயே இருந்தது. எந்தப் பாட்டை எடுத்தாலும், பிள்ளைகளால் ஊத முடியாத சுரங்களைப் பென்சிலால் அடித்துவிடுவார்.

பள்ளியைப் பார்வையிட வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை வரும் நாளுக்குப் பட்டாளத்து மார்ச் பாட்டு ஒன்று வேண்டும் என்றார் ஹெட்மாஸ்டர். மாஸ்டர் அதிலும் சுரங்களை அடித்துத் தள்ளினார்.

"இன்னா மாஸ்டர், பாட்டுல ஒண்ணுமே மிச்சமில்லியே?" என்றேன்.

"பசங்களுக்கு மூச்சு கம்மி சார். இது போதும்."

பிள்ளைகள் அதை மெதுவாக, பிசகாமல் ஊதினார்கள். அது வெள்ளைக்கார ராஜாவுக்கான வாழ்த்துக் கீதம் என்று நினைத்துத் துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு எழுந்தார். பள்ளிக்கூடமே எழுந்து நின்றது.

ஹெட்மாஸ்டர் பூரித்துப்போய்ப் பாராட்டினார். "அடுத்த வருஷம் இன்னும் ரெண்டு சுரம் சேத்துக்கலாம்" என்றார் மாஸ்டர்.

வேடிக்கைக்குச் சொன்னாரா, நிஜமாகவா என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.