யாக்குமிஸ் கடையில் அசிமினா கண்ணயர்ந்த மாலை

கிரேக்க நாட்டின் ஸீரோஸ் தீவில் பேருந்து ஓட்டும் பெண் அசிமினா ஒருத்திதான். எர்மூப்போலி துறைமுகத்தில் புறப்பட்டு, மலையேறி இறங்கி, கீனி கடற்கரை வரை போய்த் திரும்புவாள். ஐம்பதைத் தாண்டியவள், தோள் அகன்றவள், அதிகம் பேசாதவள். யார் எங்கே இறங்க வேண்டும் என்று யாரும் அவளிடம் சொல்ல வேண்டியதில்லை. சந்தைக்குப் போய்விட்டு வரும் வழியில் அசந்து தூங்கிவிடும் முதியவர்களை, அவரவர் வீட்டுக்கு நேரே வண்டியை நிறுத்திப் பேர் சொல்லி எழுப்பிவிடுவாள்.

தூக்கம் வராதது அவளுக்குத்தான். மகன்கள் இருவரும் ஒருவன் பின் ஒருவனாகச் சரக்குக் கப்பலில் வேலைக்குப் போய்விட்டார்கள். பிறகு கணவன் பாந்தெலிஸுக்குக் கப்பல் பட்டறையில் இரவுக் காவல் வேலை வந்தது. அதிலிருந்து அவள் இரவுகள் கெட்டுப்போயின. படுத்தால் கண் மூடும், மனம் மூடாது. மருந்துக்கடைக்காரர் சீமைச்சாமந்திப் பூவைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னார். நாத்தனார் படுக்கையறைச் சுவருக்கு நீலச் சாயம் அடிக்கச் சொன்னாள். குடித்தாள், அடித்தாள். நீலச் சுவரைப் பார்த்தபடி விழித்துக் கிடந்தாள்.

தவக்காலத்தின் முதல் வாரம். கோவிலில் மாலை ஜெபம் முடிந்து வெளியே வந்தபோது, பளிங்குக்கல் பாவிய தெரு மழையில் நனைந்து விளக்கொளியில் மிதப்பதுபோல் இருந்தது. வீட்டில் பயறு ஊறிக்கொண்டிருந்தது. அதை வேகவைக்க வேண்டும், தனியாக உட்கார்ந்து தின்ன வேண்டும். அவள் கால்கள் வீட்டுப் படிக்கட்டு வரைக்கும் போய், என்ன நினைத்தனவோ, திரும்பி யாக்குமிஸின் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தன.

நோன்பு வாரங்களில் யாக்குமிஸ் கடையில் இறைச்சி, பால், முட்டை எதுவும் கிடையாது. மீன், கணவாய்கூடக் கிடையாது. யாக்குமிஸ் கத்தோலிக்கன். "எங்க சாமி மீனு வரைக்கும் விட்டுக்கொடுக்கும், உங்க சாமிதான் ரொம்ப கறாரு" என்று ஆர்த்தடாக்ஸ்காரர்களைக் கேலி செய்வான். ஆனாலும் அவன் மனைவி ரோஸா சமைக்கும் நோன்புச் சாப்பாட்டுக்கு இரண்டு சபையாரும் வருவார்கள். எல்லோருக்கும் ஒரே சாப்பாடுதான், ஒவ்வொரு தட்டாக வரும்.

இன்றைக்கு என்னென்ன இருக்கிறது என்று அசிமினா கேட்டாள்.

"நான் உன் பஸ்ல ஏறுனா எந்த வழியா போறேன்னு கேக்குறேனா? உக்காரு. வர்றதச் சாப்பிடு" என்றான் யாக்குமிஸ்.

சமையலறைச் சுவரை ஒட்டிய மேசை அவளுக்குக் கிடைத்தது. அடுப்பின் சூடு சுவரில் ஏறி முதுகுக்கு இதமாக இருந்தது. காலையிலிருந்து அவளிடம் எத்தனை கேள்விகள்! வண்டி எப்போது கிளம்பும், மழையில் கீனி சாலை திறந்திருக்கிறதா, இந்த மூட்டையை எங்கே வைப்பது. இங்கே அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவளும் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. அதுவே வயிறு நிறைந்ததுபோல் இருந்தது.

முதலில் ரொட்டியும் உப்பில் ஊறிய ஆலிவ் காயும் ஒரு குவளைத் திராட்சை மதுவும் வந்தன. அடுத்து எலுமிச்சைச் சாறு சொட்டும் திராட்சை இலைச் சுருள்கள். உள்ளே சோறும் புதினாவும். ஒன்றை வாயில் போட்டு மெல்ல மென்றாள். பிறகு மஞ்சள் பட்டாணி மசியல், வெதுவெதுப்பாக, மேலே பொடியாக அரிந்த வெங்காயமும் ஆலிவ் எண்ணெயும். எண்ணெய் தட்டின் ஓரத்தில் தங்கக் குளம்போல் தேங்கி நின்றது. ரொட்டியால் அதைத் தொட்டாள். தொட்ட கை அப்படியே நின்றது.

பக்கத்து மேசையில் முடிதிருத்துபவன் நிக்கிஃபோரோஸ், துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்கும் கேட்கும் குரலில், நகரசபை தெருவை ஒருவழிப் பாதையாக்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். யாரோ நாற்காலியை இழுத்தார்கள். சமையலறையில் பாத்திரங்கள் உருண்டன. அந்த இரைச்சல் ஒரு கம்பளிபோல் அவள்மேல் வந்து படிந்தது.

அவள் தன் பேருந்திலேயே போய்க்கொண்டிருந்தாள், ஆனால் ஓட்டவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வண்டி தானாகவே கீனி இறக்கத்தில் இறங்கி, கடற்கரையில் நிற்காமல், எண்ணெய் நிறமாயிருந்த கடலுக்குள் மெதுவாகப் போயிற்று. தண்ணீர் உள்ளே வரவில்லை. பின்னால் எல்லோரும் பேசிக்கொண்டே வந்தார்கள். மகன்கள் ஏதோ சண்டை போட்டுக்கொண்டார்கள். பாந்தெலிஸ் வெங்காயம் வாங்க மறந்துவிட்டோம் என்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இருக்கிறார்கள் என்று தெரிந்தால் போதுமாயிருந்தது.

அவள் தூங்கிப்போனதைக் கடையில் முதலில் கவனித்தவள் எவ்தோக்கியா, ஓய்வுபெற்ற ஆசிரியை. வாரம் இருமுறை அசிமினாவின் வண்டியில் தூங்கி, அவளால் எழுப்பப்படுகிறவள். கையில் ரொட்டித் துண்டோடு, சுவரில் தலை சாய்த்து, அசிமினா வாயைத் திறந்தபடி தூங்குவதைக் கண்டதும் உதட்டில் விரல் வைத்தாள். மேசைக்கு மேசை செய்தி பரவிற்று. இவள் தூங்கி எத்தனை காலமாயிற்று என்பது ஊருக்கே தெரியும். ரோஸா பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். யாக்குமிஸ் முட்டைமேல் நடப்பவன்போல் நடந்து தட்டுகளை வைத்தான். உள்ளே வந்த ஒரு தம்பதியை வாசலிலேயே சைகையால் அடக்கினார்கள். நிக்கிஃபோரோஸ் தன் கதையைக் கிசுகிசுப்பாகத் தொடரப் பார்த்தான். அது அவனுக்குக் கைவரவில்லை. கதையை விட்டுவிட்டு ஆலிவ் காயைச் சப்பிக்கொண்டிருந்தான்.

கடலுக்குள் போன பேருந்தில் பின்னால் கேட்ட பேச்சு ஒவ்வொன்றாக நின்றது. அசிமினா திடுக்கிட்டுக் கண் விழித்தாள். கடை நிறைய ஆட்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை, எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன ஆச்சு? யாரு செத்தா?" என்றாள்.

"யாரும் சாகல. நீ தூங்குறியேன்னு எல்லாரும் வாயக் கட்டிட்டு உக்காந்திருக்கோம். நிக்கிஃபோரோஸே பேசலன்னா பாத்துக்க" என்றான் யாக்குமிஸ்.

அசிமினா கையிலிருந்த ரொட்டியைப் பார்த்தாள். முகத்தை ஒருதரம் தடவிக்கொண்டாள்.

"நீங்க பேசிட்டிருந்தப்பதான் தூங்கினேன்" என்றாள் மெதுவாக. "நிறுத்தினதும் முழிச்சிட்டேன். எங்க வீட்டுல இருக்கிற மாதிரியே ஆயிடுச்சு."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே விளங்கிற்று. எவ்தோக்கியா முடிதிருத்துபவன் பக்கம் திரும்பினாள்.

"அப்ப பேசுடா நிக்கிஃபோரோஸ். உன் வாயால ஊருக்கு ஒரு நல்லதாவது நடக்கட்டும்."

கடை முழுக்கச் சிரித்தது. அசிமினாவும் சிரித்தாள். நிக்கிஃபோரோஸ் விட்ட இடத்திலிருந்து ஒருவழிப் பாதையில் கிளம்பினான். அவள் மறுபடி தூங்கவில்லை, ஆனால் தூக்கத்தின் கரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். பச்சை மொச்சையோடு வெந்த கூனைப்பூ மொட்டு, நூல்போல் மெல்லிய சதகுப்பைத் தழையின் வாசனையோடு. மண்சட்டியில் விடிய விடிய அடுப்பில் கிடந்து வெண்ணெயாய்க் குழைந்த கொண்டைக்கடலை. கடைசியில் பட்டைப்பொடி தூவிய ரவை அல்வா. ஒவ்வொன்றும் எங்கோ தூரத்திலிருந்து தனக்காகவே வந்து சேர்ந்ததுபோல் இருந்தது. அவசரமில்லாமல், தட்டில் ஒரு பருக்கை மீதம் வைக்காமல் சாப்பிட்டாள்.

வீடு திரும்பியதும் அவள் நீலச் சுவர் அறைக்குப் போய் மெத்தையைச் சுருட்டினாள். அது பின்பக்கத்து அறை. தோட்டத்துக் காற்றைத் தவிர வேறெதுவும் அங்கே கேட்காது. மெத்தையை இழுத்துக்கொண்டு வந்து முன்னறையில் விரித்தாள். ஜன்னலைத் திறந்தாள். கீழே படிக்கட்டுத் தெருவில் காப்பிக்கடைக்கு வந்தவர்கள் பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ யாரையோ ஏமாற்றுக்காரன் என்றார்கள். ஈரக்காற்று முகத்தில் பட்டது. அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். யார் ஏமாற்றினார்கள் என்று தெரிந்துகொள்வதற்குள் தூங்கிப்போனாள்.

காலையில் பட்டறையிலிருந்து வந்த பாந்தெலிஸ், படுக்கையறையில் வெறும் கட்டிலைக் கண்டு பதறி வீடெல்லாம் தேடினான். முன்னறைத் தரையில் அவள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். அன்று மதியத்துக்குப் பிறகுதான் அவளுக்கு வேலை. கீழே உருளைக்கிழங்கு வண்டிக்காரன் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு வந்தான். அவன் சத்தத்தில் இவள் எழுந்துவிடப் போகிறாளே என்று பாந்தெலிஸ் ஓடிப்போய் ஜன்னல் கதவைப் பிடித்தான்.

"மூடாத" என்றாள் அசிமினா, கண்ணைத் திறக்காமலே.

அவன் கையை எடுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு காப்பி போடச் சமையலறைக்குப் போனான்.