ஊக்கு முனையில் பொன்

எங்கள் ஃப்ரீமான்ட் வீட்டின் சமையலறை ஜன்னலில், கறிவேப்பிலைத் தொட்டிக்குப் பக்கத்தில், துரு நிறத்தில் ஒரு கல் இருக்கிறது. பாத்திரம் துலக்கும்போது கண் அதில் பட்டால் போதும், நெவாடா பாலைவனத்தில் கழிந்த ஒரு சனிக்கிழமை அப்படியே திரும்பி வந்துவிடும். அந்த நாளுக்காக இன்னும் ஏங்குகிறேன். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அப்போது நான் டிபெண்டண்ட் விசாவில் இருந்தேன். சேலத்தில் ஜியாலஜி எம்.எஸ்ஸி. முடித்து, கையில் சுத்தியலோடு குன்று குன்றாக அலைந்தவள், இங்கே வேலைக்குப் போகக் கூடாது. பார்ட்டிகளில் யாராவது என்னிடம் என்ன வேலை என்று கேட்டால், என் கணவர் முந்திக்கொண்டு, "அவ வீட்லதான் இருக்கா" என்பார். பொய்யில்லைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் சுருக்கென்று தைக்கும். படித்ததெல்லாம் எனக்கே மறந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

இந்த நேரத்தில் அவருக்கும் அவருடைய ஆபீஸ் நண்பருக்கும் தங்க ஆசை பிடித்தது. நெவாடாவில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், தங்கம் தோண்டும் உரிமையோடு ஒரு சின்ன இடத்தை விற்கிறாராம். நண்பருக்கு அன்று வேறு வேலை. நாங்கள் இருவர் மட்டும் போனோம். பெரியவரிடம் இவர் என்னை அறிமுகப்படுத்திய அழகைச் சொல்ல வேண்டும்: சும்மா டிரைவுக்குக் கூட வந்திருக்கிறாளாம்.

மொட்டைக் குன்று, அதில் குனிந்து நுழையும்படி ஒரு பழைய குழி. சுவரில் சாய்வாக ஒரு வெள்ளைப் பட்டை ஓடியது. எப்போதோ பாறை பிளந்து, பிளவில் சுடுநீர் ஏறி, தன்னில் கரைந்திருந்ததை எல்லாம் படியவிட்டுப் போன தடம் அது. எல்லாமே குவார்ட்ஸ், தங்கம் இருந்தால் அதில்தான் இருக்கும் என்றார் பெரியவர். எனக்குக் கை பரபரத்தது. கார் பூஜையில் கொடுத்த எலுமிச்சம்பழம் டாஷ்போர்டில் கிடந்ததை எடுத்துவந்து, பட்டையைச் சுரண்டிப் பிழிந்தேன்.

"ஏய், அது சாமி பழம்!" என்று இவர் பதறினார்.

பாதிப் பட்டையில் பொடிப்பொடியாக நுரை கிளம்பியது. "இது கால்சைட்ங்க, சுண்ணாம்பு வகை. புளிப்பு பட்டா நுரைக்கும். குவார்ட்ஸ் அந்தப் பக்கம்தான்" என்றேன். பெரியவர் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

அதற்குள் இவர் மஞ்சளாக மின்னிய ஒரு துண்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "பாத்தியா, கோல்டு! அடிச்சுது லக்கு!"

தாலிச் சங்கிலியில் தொங்கிய ஊக்கைக் கழற்றி, மஞ்சள் மணியில் அழுத்தினேன். நுனி சறுக்கியது. இன்னும் அழுத்தியதும் உடைந்து கருந்தூளானது. "பைரைட், வெறும் இரும்பும் கந்தகமும்தான். தங்கம்னா இப்படி நொறுங்காது."

அவர் முகம் தொங்கிவிட்டது. பார்க்கப் பாவமாக இருந்தது. கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

குவார்ட்ஸ் பக்கம் போய் உட்கார்ந்தேன். பைரைட் மக்கிப்போன இடங்களில் துரு படிந்த பொந்துகள் இருந்தன. ஒவ்வொன்றாகத் துழாவினேன். வெயில் ஏறியது தெரியவில்லை, பசி தெரியவில்லை. உதிர்ந்து கிடந்த ஒரு கல்லின் பொந்தில் கடுகை விடச் சிறிதாக ஏதோ இருந்தது. ஊக்கை வைத்தேன். நொறுங்கவில்லை. மெத்தென்று குழிந்தது. தாலியைப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். இது சற்று வெளிறியிருந்தது. உள்ளே வெள்ளி கலந்திருக்கும்.

"இதுதாங்க தங்கம்." கல்லை அவரிடம் நீட்டினேன்.

"அப்போ வாங்கிடலாமா?"

"வேணாங்க. இவ்ளோ தேடி ஒரு பொட்டுதான் கெடைச்சிருக்கு. தோண்டினா கட்டுப்படி ஆகாது."

இதை அவர் ஆங்கிலத்தில் சொன்னதும் பெரியவர் சிரித்துவிட்டு, அந்தக் கல்லை என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

திரும்பும் வழியில், ஃப்ரீவேயில், நண்பரின் ஃபோன் கார் ஸ்பீக்கரில் அலறியது. "என்ன மச்சி, கோல்டு இருக்கா இல்லையா?"

"எனக்கென்னடா தெரியும்? இரு, ஜியாலஜிஸ்ட் பக்கத்துலதான் இருக்காங்க. அவங்களையே கேளு."

ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாறை பிளந்த கதையிலிருந்து ஆரம்பித்தேன். நண்பர் பாவம். ஃப்ரீமான்ட் வந்து சேரும்வரை நான் நிறுத்தவில்லை.