குரூஸ் சபாரத்தினமும் பலெர்மோ மச்சாளும்

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் இருக்கும் சபாரத்தினத்துக்கு இரண்டு தொழில். ஒன்று, பெட்ரோல் ஸ்டேஷனில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து காசு வாங்குவது. அதைப் பற்றி யாராவது கேட்டால் "மனேஜ்மென்ற்" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். மற்றது சபா ட்ராவல்ஸ். அதைப் பற்றி யாரும் கேட்க வேண்டியதில்லை, அவரே சொல்லுவார்.

எண்பதுகளில் அவருடைய வீட்டு முன்னறையில் விற்றவை கொழும்புக்கும் மெட்ராஸுக்கும் விமான டிக்கெட்டுகள்தாம். அந்த நாளில் லண்டன் தமிழரிடம் கப்பல் என்று சொன்னால் முகம் கறுக்கும். தம்பியோ மருமகனோ எந்தத் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறான் என்று கேட்பார்கள். தொண்ணூறுகளின் நடுவில் அதே ஆட்களிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டும் வீட்டுக் கடனும் வந்து சேர்ந்தன. ஊரில் சண்டை, அங்கே போக முடியாது. ஆனால் கோடையில் எங்கேயாவது போய்ப் படம் எடுத்து, அடுத்த பிறந்தநாள் விழாவில் நாலு பேர் வயிறு எரியக் காட்டியாக வேண்டும். மத்தியதரைக் கடலில் குரூஸ் என்ற உல்லாசக் கப்பல்கள் பெருகத் தொடங்கிய காலமும் அதுதான். சபாரத்தினம் மோப்பம் பிடித்துவிட்டார்.

வெள்ளைக்கார ஏஜென்சிகளிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது. 'ராகு காலத்தில் புறப்பாடு இல்லை' என்று நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார். விமானம் எப்போது பறந்தாலும் வீட்டு வாசல்படி இறங்கும் நேரத்தை அவர் குறித்துக் கொடுப்பார். ஒருமுறை பிளேஸ்டோவில் ஒரு குடும்பத்தை ராகு தொடங்கும் முன்பே இறக்கி, ஜனவரிக் குளிரில் வாடகைக் காருக்குள் அடைத்து வைத்தார். மூக்கு ஒழுக உட்கார்ந்திருந்தவர்களும் பிறகு அதைப் பெருமையாகத்தான் சொல்லித் திரிந்தார்கள்.

அவருடைய மனைவி கனகாம்பிகைக்கு ராகுவிலும் அக்கறை இல்லை, குரூஸிலும் அக்கறை இல்லை. அவளுக்கு வேண்டியது தங்கை தவநாயகியோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து கதைப்பது. எண்பத்துமூன்றில் பிரிந்த பிறகு இருவரும் சந்திக்கவில்லை. தவநாயகி இத்தாலியில், பலெர்மோ துறைமுக நகரத்தில், ஒரு பணக்காரக் கிழவியைப் பராமரிக்கிறாள். அவள் கணவன் பரமேஸ்வரன், பலெர்மோவுக்கும் நாபோலிக்கும் இடையே இரவில் ஓடும் ஃபெரிக் கப்பலில் கட்டில் விரிப்பு மாற்றுகிறவன். அவர்களுக்கு லண்டன் விசா கிடைக்கவில்லை. சபாரத்தினத்துக்கு இத்தாலி போக விசாவே தேவையில்லை. ஆனால் வீட்டு வேலைக்காரர் வீட்டில் போய்த் தங்கினேன் என்று தோர்ண்டன் ஹீத்தில் எப்படிச் சொல்வது? "இந்த வருசம் ஏலாது, அடுத்த வருசம் பாப்பம்" என்று பதின்மூன்று வருடம் ஓட்டினார். சகலன் 'கப்பல் கொம்பனியில்' என்று கதையும் பரப்பி வைத்திருந்தார்.

தொண்ணூற்றாறில் வழி பிறந்தது. அவர் பிடித்த குரூஸ் ஒன்று ஞாயிறு பகல் முழுவதும் பலெர்மோவில் நின்றது. குரோய்டன் டாக்டர் குருமூர்த்தியும் அவர் மனைவி ராஜலட்சுமியும் அதில் வர ஒப்புக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள், சுத்த சைவம், பஞ்சாங்கம் பார்க்காமல் தலைமயிர் வெட்டாதவர்கள். இவர்கள் திருப்திப்பட்டால் லண்டனில் உள்ள தமிழ் டாக்டர்கள் அத்தனை பேரும் தன் கப்பலில்தான் என்று சபாரத்தினம் கனவு கண்டார். கனகாம்பிகையையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார்.

"தங்கச்சியை ஹாபர் கேற்றடியில காணலாம். ஒரு அரை மணித்தியாலம். பிறகு பஸ்ஸில ஊர் சுத்திப் பாக்கிற ரூர்," என்றார்.

"பதின்மூண்டு வருசத்துக்கு அரை மணித்தியாலமோ?"

"குரூஸ் எண்டா அப்பிடித்தான் கனகம். எல்லாத்தையும் ஒருக்காத் தொட்டுப்போட்டுப் போறது."

துறைமுகக் கேற்றில் தவநாயகி காத்திருந்தாள். அக்காவும் தங்கையும் கட்டிப் பிடிக்கவில்லை. "என்னடி இப்பிடிக் காஞ்சுபோனாய்?" என்றாள் ஒருத்தி. "நீங்கள் நல்லா ஊதிப்போனியள் அக்கா," என்றாள் மற்றவள். பிறகு இருவரும் மூக்கைச் சிந்தினார்கள். சபாரத்தினம் மணிக்கூட்டைப் பார்த்தார்.

கப்பலில் பத்து வகை மீன் இருந்தது. சைவக்காரருக்கு இலையும் தக்காளியும்தான். ராஜலட்சுமி இரண்டு நாளாகப் பசியில் இருந்தாள். "வீட்டுல கொஞ்சம் சாதம் இருக்குமா?" என்று தவநாயகியைக் கேட்டே விட்டாள்.

"ஓம், எல்லாம் மரக்கறிதான். காலமை மலைக்குப் போய் ரோசலியா மாதாவைக் கும்பிட்டுட்டு வந்து சமைச்சனான்."

"மாதாவையோ? நாங்கள் சைவமெல்லோ!" என்றார் சபாரத்தினம்.

"இஞ்ச பிள்ளையார் கோயில் இல்லை அத்தான். பக்கத்தில இருக்கிறவவிட்டத்தானே கேக்க ஏலும்?"

டாக்டர் அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தார். பஸ் ரூர் போயிற்று.

பல்லாரோச் சந்தைக்குப் பின்னால் ஒடுங்கிய மாடிவீடு. டாக்டர் ரசத்தை மறுபடி மறுபடி வாங்கிக் குடித்தார். வயிறு நிறைந்ததும் பரமேஸ்வரன் பக்கம் திரும்பினார்.

"ஷிப்பிங் கம்பெனியில என்ன பொசிஷன் சார் உங்களுக்கு?"

"குனிஞ்ச பொசிஷன்தான் டொக்டர்," என்றான் பரமேஸ்வரன். "ஃபெரியில கட்டில் விரிக்கிறன்."

சபாரத்தினத்துக்குப் புரையேறியது. டாக்டர் அவர் முதுகில் தட்டினார். "இதுல என்ன சார் இருக்கு? உங்க பங்க்லதான் நான் வாராவாரம் பெட்ரோல் போடறேன். நான் ஏதாவது சொன்னேனா?"

நாலு மணிக்கு சபாரத்தினம் எழுந்தார். "வெளிக்கிடுவம். அஞ்சரைக்குக் கப்பலில ஏறீர வேணும்."

"இருங்கோ, பாயாசம் அடுப்பில," என்று குசினிக்குள்ளிருந்து கனகாம்பிகை சொன்னாள். அந்தப் பாயாசம் லேசில் கொதிக்கவில்லை. அடுப்பு எவ்வளவு தணிந்து எரிந்தது என்பது பக்கத்தில் நின்று கதைத்துக்கொண்டிருந்த தவநாயகிக்கு மட்டும் தெரியும். கடைசியில் அகப்பையோடு வந்த கனகாம்பிகை சுவர் மணிக்கூட்டைப் பார்த்து வாயில் கை வைத்தாள்.

"ஐயோ, இஞ்சேருங்கோ, நாலரை! ஞாயிற்றுக்கிழமையெல்லோ. ராகு தொடங்கீற்றுது."

"அது... லண்டனில இப்ப மூண்டரைதானே," என்றார் சபாரத்தினம்.

"லண்டன்ல இருக்கற ராகுவையா பாப்பீங்க?" டாக்டர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். "நோட்டீஸ்ல அவ்ளோ பெரிசாப் போட்டிருக்கீங்களே சார். ஆறு மணி ஆகாம நான் இந்தப் படி இறங்க மாட்டேன்."

"கப்பல் போயிடுமெல்லோ டொக்டர்!"

"ஆமா, போகும். ராகு காலத்துல கிளம்பற கப்பல்ல நாம எதுக்கு சார்?"

சபாரத்தினம் மனைவியைப் பார்த்தார். அவள் டாக்டருக்கு இன்னும் ஒரு கரண்டி பாயாசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். பிறகு அக்காவும் தங்கையும் குசினித் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து விட்ட இடத்தில் தொடங்கினார்கள். யார் செத்தது, யார் எந்த நாட்டில், யார் யாரோடு கோபம். ஆறு ஆகப் பத்து நிமிடம் இருக்கத் துறைமுகத்தில் அவர்களுடைய கப்பல் சங்கு ஊதியது. சபாரத்தினம் ஜன்னலில் நின்று கேட்டார்.

"யோசிக்காதேங்கோ அண்ணை," என்றான் பரமேஸ்வரன். "உங்கட கப்பல் நாளைக்கு நாபோலியிலதானே நிக்கும்? எங்கட ஃபெரியும் விடியப் போய்ச் சேரும். எனக்கு இண்டைக்கு வேலை. வாங்கோ, நானே கூட்டிக்கொண்டு போறன்."

ஃபெரித் துறையில் லொறிகளும் சந்தைக்காரரும் விடுமுறை முடிந்த சிப்பாய்களும் முண்டியடித்தார்கள். டாக்டரும் மனைவியும் தயிர்ச்சாதப் பொட்டலத்தோடு முதலில் ஏறினார்கள். சபாரத்தினம் பாதிப் படியில் திரும்பிப் பார்த்தார். கனகாம்பிகை கீழேயே நின்றாள்.

"ஏறு கனகம்!"

"நீங்கள் போங்கோ. இது ஒவ்வொரு நாளும் போகுதாம். நான் அடுத்த கிழமை வாறன்."

"விசர்க் கதை கதையாதை. உன்ர உடுப்பெல்லாம் கப்பலில கிடக்கு!"

"தங்கச்சியின்ர சீலையைக் கட்டுறன்."

"அவள் ஈர்க்கு மாதிரி, நீ..."

"சீலைக்கு என்னப்பா அளவு?"

பின்னால் ஏற நின்றவர்கள் இத்தாலிய மொழியில் அவரைத் திட்டினார்கள். சபாரத்தினம் இரண்டு படி மேலே தள்ளப்பட்டார். அங்கிருந்து கத்தினார்: "லண்டனிலயிருந்து ஆரும் ஃபோன் எடுத்தா, நானும் கப்பலிலதான் நிக்கிறன் எண்டு சொல்லு! கேக்குதோ?"

கனகாம்பிகை தங்கையின் கையைப் பிடித்தபடி கேற்றைத் தாண்டிக்கொண்டிருந்தாள். இருவரும் எதற்கோ சிரித்தார்கள்.

"அண்ணை, உள்ளுக்கு வாங்கோ," என்றான் பரமேஸ்வரன், கை நிறைய வெள்ளை விரிப்புகளோடு. "கதவு மூடப் போறாங்கள்."