அரியாலை வளவின் இளஞ்சிவப்பு ரோசாவும் எங்கள் அக்காவும்

சென்ற ஆண்டு ஆவணியில் எங்களை விட்டுப் போன அக்காவுக்கு இன்று ஆண்டுத் திவசம். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் அநேகமாக எல்லோருடைய வீட்டுக்கும் அக்காவின் தோட்டத்துப் பூ ஒரு தடவையாவது வந்திருக்கும். சிலருக்கு மணவறைக்கு வந்திருக்கும். பலருக்கு, இந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில், வேறு காரியத்துக்கு வந்திருக்கும். அச்சுத்தாள் கிடைக்காததால் பள்ளிப் பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பித் தாளில், கோடுகளுக்கு மேலேயே அச்சடித்திருக்கிறோம், பொறுத்துக்கொள்ள வேண்டும். அக்காவைப் பற்றியும் அந்த ரோசாவைப் பற்றியும் ஊரில் பலவிதமாகக் கதைக்கிறார்கள். கூடவே இருந்த தங்கை என்ற முறையில், நான் கண்டதையும் கேட்டதையும் மட்டும் இங்கே எழுதுகிறேன்.

அக்கா வட்டுக்கோட்டையில், புகையிலையும் வெங்காயமும் செய்த குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அம்மா நேரத்தோடு காலமாகிவிட்டார். அக்கா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு என்னைப் படிக்க வைத்தார். எனக்குத் தலை பின்னிவிட்டவரும், காய்ச்சலுக்குக் கஞ்சி வைத்துத் தந்தவரும் அவரே. ஒரு சொல்லை இரண்டு தரம் சொல்லமாட்டார். அழுதாலும் அடுப்படிக்குள் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவார்.

அரியாலையில் ஒரு தாய்க்கு ஒரே மகனாக இருந்த அத்தானுக்கு அக்காவைக் கட்டிக் கொடுத்தோம். அத்தான் மலைநாட்டில், பண்டாரவளையில், வெட்டுப்பூ வளர்க்கும் ஒரு தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்த்தார். பொங்கலுக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் வீட்டுக்கு வருவார். குழந்தைகள் இல்லை. அந்தக் குறையை அத்தான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எண்பத்து மூன்றாம் ஆண்டுப் பொங்கலுக்கு வந்தபோது, ஈரச் சாக்கில் சுற்றி ஒரு ரோசாக் கன்று கொண்டுவந்தார். கிணற்றடிக்குக் கிழக்கே குழி வெட்டி, வலிகாமத்துச் செம்மண் ஒரு மாட்டுவண்டில் நிறையக் கொண்டுவந்து பறித்து, அதை நட்டார். அரியாலையின் உவர்த் தண்ணீருக்கும் மணலுக்கும் இது பிடிக்காது என்று அத்தானின் தாயான மாமி சொன்னார். "பிடிச்சாப் பிடிக்குது, இல்லாட்டி இல்லை" என்று அத்தான் சிரித்தார். கத்திரி பிடிக்கும் விதத்தையும் அன்றே, மாமி பார்த்திருக்க, அக்காவுக்குக் காட்டிக் கொடுத்தார். ஐந்து சிற்றிலை உள்ள இலைக்குச் சற்று மேலே, வெளிப்புறம் பார்த்த கணுவின் தலையில், சாய்வாக வெட்டவேண்டும். அப்படி வெட்டினால்தான் அடுத்த தண்டு நீளமாக வரும்.

அந்த ஆண்டு ஆடி மாதக் கலவரத்தோடு அத்தானைப் பற்றிய தகவல் நின்றுவிட்டது. தோட்டத்து லயன் வீடுகள் எரிந்ததாக ஒருவர் சொன்னார். அத்தானைப் பதுளைக்குப் போகும் லொறியில் கண்டதாக இன்னொருவர் சொன்னார். அகதிக் கப்பலில் வந்தவர்களை எல்லாம் அக்கா போய்ப் பார்த்தார். அத்தானின் உடலைக் கண்டதாகச் சொல்ல ஒருவரும் இல்லை. நான் அப்போதே அரியாலைக்குப் போய் அக்காவோடும் மாமியோடும் இருக்கத் தொடங்கினேன்.

அந்த ரோசா முதன்முதலாகப் பூத்தது அந்தப் புரட்டாதியில்.

ரோசாக்களைப் பற்றி அறிந்தவர்களுக்காகவும் அறியாதவர்களுக்காகவும் அதன் இயல்பைச் சொல்லிவிடுகிறேன். அது கொடியாகப் படராது. நெஞ்சளவு உயரத்துக்குப் பற்றையாகப் பொலிந்து நிற்கும். இலை கருமையாக, எண்ணெய் பூசியதுபோல் மினுங்கும். தண்டின் மேல்பாதி முள்ளே இல்லாமல் வழுவழுப்பாக இருக்கும். அடியில் மட்டும் பருந்து நகம்போலக் கனத்த முட்கள். மொட்டு விரிய இரண்டு மூன்று நாள் எடுக்கும். இதழ் வெளியே வெளிறிய இளஞ்சிவப்பு, உள்ளே போகப் போக உதட்டு நிறம். மார்கழிக் குளிரில் நிறம் கடுக்கும், சித்திரை வெய்யிலில் சோர்ந்து வெளிறும். வெய்யில் ஏறமுன் மட்டும் மணக்கும். ஏறக்குறைய ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை, சொல்லிவைத்தாற்போல் எல்லாக் கொப்பும் ஒன்றாகப் பூக்கும். வெட்டித் தண்ணீரில் வைத்தால் ஒரு கிழமைக்கு மேல், எட்டுப் பத்து நாள் நிற்கும். எல்லாவற்றிலும் வியப்பானது, அந்தப் பூ உதிராது. மற்ற ரோசாக்கள் கைபட்டதும் இதழ் கொட்டும். இதுவோ காய்ந்து மண்ணிறமாகி, மூடிய கைபோல ஆகி, அப்படியே தண்டில் நிற்கும்.

அக்கா கொப்பு நட்டு நட்டு வீட்டு வளவு முழுக்க அதையே ஆக்கினார். பண்ணைக் கடற்கரையில் மலர்வளையம் கட்டிய குருநகர் எமிலியா என்ற கத்தோலிக்கப் பெண்மணி, கூடையோடு சைக்கிளில் வந்து வாங்கிப் போவார். முதலில் கலியாணங்களுக்குத்தான் அதிகம் போயிற்று. பின்னர் நிலைமை மாறியது உங்களுக்குத் தெரியும். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்கும், செல் குண்டு விழுந்து போனவர்களுக்கும் அந்தப் பூவே போயிற்று. சாவீட்டுக்கு என்றால் அக்கா பணம் வாங்கமாட்டார். கல்லறையில் வைத்த பூ மாதக்கணக்கில் உதிராமல் நிற்பதைக் கண்டு சில வீட்டுக்காரர் பயந்துபோய், இந்த ரோசா வேண்டாம் என்று சொன்னதை எமிலியாதான் எங்களுக்கு வந்து சொன்னார்.

மாமி, மகனை இறந்தவராகக் கொண்டு அந்தியேட்டிக் கிரியை செய்யவேண்டும் என்று கேட்டபடி இருந்தார். அக்கா இணங்கவில்லை. கண்ணால் கண்டவர் ஒருவர் வந்து சொல்லும்வரை தாலிக்கொடியும் பொட்டும் இருந்த இடத்தில் இருக்கும் என்று ஒரே ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சுக்கு அவர் பதில் சொன்னதில்லை.

எண்பத்து நாலு பங்குனிப் பூப்பின்போது முதல் தடவையாக அது நடந்தது. விடிய வெட்டப் போன அக்கா வெறும் ஓலைக் கடகத்தோடு திரும்பி வந்து என்னைக் கூப்பிட்டார். அத்தான் நட்ட தாய்ப் பற்றையில் நடுத்தண்டு, எல்லாவற்றிலும் நீளமானது, வெட்டப்பட்டிருந்தது. கள்ளர் என்றால் முறித்திருப்பார்கள், அல்லது கிழித்திருப்பார்கள். இது ஐந்து சிற்றிலைக்கு மேலே, வெளிப்பார்த்த கணுவில், சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. வெட்டுவாயில் சாறு இன்னும் ஈரமாக இருந்தது. அக்கா அதை விரலால் தொட்டுப் பார்த்தார். அன்று முழுக்க அவர் முகத்தில் நான் நெடுநாள் காணாத ஒரு தெளிவு இருந்தது.

அதன்பின் ஒவ்வொரு பூப்பிலும் ஒரு தண்டு போயிற்று. எப்போதும் அந்தத் தாய்ப் பற்றையில்தான், எப்போதும் மிக நல்ல தண்டுதான். எனக்குப் பயம் பிடித்தது. ஆரோ எங்களை வெருட்டப் பார்க்கிறார்கள் என்று அக்காவிடம் சொன்னேன்.

"வெருட்டிறவன் பூவை ஏன் வடிவாய் வெட்டவேணும்?" என்று அக்கா கேட்டார்.

சண்டையால் ஊர் இடம்பெயர்ந்து, மாமியையும் கூட்டிக்கொண்டு ஆறு கிழமை கொடிகாமத்தில் உறவினர் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பியபோதும், பூத்துக் காய்ந்து நின்ற பற்றையில் ஒரு தண்டு மட்டும் இல்லை.

எண்பத்தெட்டில் மாமி கிணற்றடியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தார். அதற்குப் பிறகு அவர் கட்டிலை விட்டு இறங்கியதில்லை. அக்கா தன் சொந்தத் தாயைப்போல அவரைக் குளிப்பாட்டி, புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்துப் பார்த்தார். அடுத்த பூப்புக்கு முதல்நாள் மாலை, என் மன ஆறுதலுக்காக, பற்றையைச் சுற்றி மண்ணைக் கொத்திச் சேறுபடத் தண்ணீர் விட்டேன். நாயையும் அருகில் கட்டினேன். விடிய வந்து பார்த்தோம். தண்டு இல்லை. சேற்றில் ஒரு அடையாளமும் இல்லை. நாய் குரைத்ததை நாங்கள் கேட்கவில்லை. அது பற்றையைப் பார்த்தபடி, வீட்டுக்காரர் வரும்போது கிடப்பதுபோல, காதை மடித்துக்கொண்டு கிடந்தது.

தொண்ணூற்றொன்றில் மாமிக்கு மூச்சு இளைக்கத் தொடங்கியது. ஒரு பின்னேரம், நான் கால் பிடித்துவிட்டுக்கொண்டிருக்க, அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தார். மாமி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, இதைச் சொல்லாமல் போனால் எனக்குக் கட்டை வேகாது. அந்தப் பூவை வெட்டினது நான்தான்."

அக்கா மற்றக் கையிலிருந்த கோப்பையை நிமிர்த்திப் பிடித்தார்.

"நீ அந்தியேட்டி செய்ய விடேல்லை. பெத்தவள் நான் ஒண்டும் செய்யாமல் எப்பிடி இருக்கிறது? ஊரிலை நிண்ட ஒவ்வொருமுறையும் ஒண்டை வெட்டிக் கொண்டுபோய்க் கடலேரியிலை விட்டனான். அவன்ரை பேரைச் சொல்லித்தான் விட்டனான்."

அக்கா கட்டில் விளிம்பில் அமர்ந்தார். மெல்லக் கேட்டார். "எப்ப வரைக்கும் மாமி?"

"இடுப்பு முறியுமட்டும்."

"அதுக்குப் பிறகு?"

மாமி அக்காவைப் பார்த்தார். "அதுக்குப் பிறகு நான் கட்டிலாலை இறங்கினதை நீ கண்டனியே?"

நான் பிடித்த காலை விட்டுவிட்டேன். மூன்று மாரியாக மாமி கட்டிலில். மூன்று மாரியாக ஒரு பூப்பும் தவறவில்லை. மாமி அக்காவின் கையை இன்னும் விடாமல், "அவன் கேக்கிறான் பிள்ளை. குடுக்கவேண்டியதைக் குடுத்து அனுப்பிவிடு" என்றார். அக்கா பயந்து நான் கண்டது அன்று ஒருநாள்தான். தேத்தண்ணிக் கோப்பையை வைக்க இடம் தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

அந்தக் கிழமைக்குள் மாமி காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு, கீரிமலைத் தீர்த்தத்துக்குப் போகமுடியாத காலமானபடியால், கடலேரிக் கரையிலேயே காரியம் செய்தோம். மாமியின் தம்பி மகன் தர்ப்பை போட்டுக் கிரியைக்கு இருந்தார். ஐயர் பேரும் திதியும் கேட்டபோது அக்கா முன்னே வந்து, இன்னொருவரும் இருக்கிறார் என்று அத்தானின் பெயரைச் சொன்னார். திதி தெரியாதே என்றார் ஐயர். தெரியாதவர்களுக்கு ஆடி அமாவாசையைக் கொள்ளலாம் என்றும் அவரே சொன்னார். அக்கா தலையசைத்தார். பிண்டம் கரைத்து முடிந்ததும், ஒருவரும் சொல்லாமலே அக்கா தாலிக்கொடியைக் கழற்றி என் கையில் தந்தார். முழங்காலளவு தண்ணீரில் நின்று நெற்றியைத் தானே கழுவினார். அன்று காற்றே இல்லை. தண்ணீர் எண்ணெய்போலக் கிடந்தது.

அடுத்த பூப்பில் தாய்ப் பற்றை ஒருநாளும் இல்லாதபடி பூத்தது. விடிய நாங்கள் இருவரும் போனோம். எல்லாத் தண்டும் இருந்தன. மறுநாளும் இருந்தன. அதற்கடுத்த பூப்பிலும் அப்படியே. எனக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அக்காவுக்கு அப்படி இல்லை. அவர் அந்தப் பற்றையில் கத்திரி வைப்பதை நிறுத்திவிட்டார். காய்ந்த பூக்கள் உதிராமல் ஒன்றின்மேல் ஒன்றாக, கொப்புக் கொப்பாகக் கறுத்து நின்றன. எமிலியா ஒருநாள் அவற்றைக் கண்டு, பற்றையைக் கவ்வாத்துப் பண்ணாவிட்டால் செத்துப்போகும் என்று சொல்லிக் கத்திரியை எடுத்தார். அக்கா அதை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

"அவர் வந்துகொண்டுதான் இருந்தவர். நான்தான் அனுப்பிப்போட்டன்" என்றார்.

அன்று எமிலியா பூ வாங்காமலே போனார்.

மற்றப் பற்றைகளின் பூ வழமைபோலச் சாவீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆனால் விடிய விடியத் தாய்ப் பற்றையடியில் போய் நிற்பதை அக்கா விடவில்லை. செருப்பு போடமாட்டார். சென்ற ஆண்டு ஆனியில், அடித்தண்டின் முள் ஒன்று அவர் காலில் ஏறியது. அக்காவுக்குச் சலரோகம், நீரிழிவு, இருந்தது. மருந்து ஒழுங்காகக் கிடைக்காத காலம். புண் ஆறவில்லை, கறுத்து மேலேறியது. காலை எடுத்தால் பிழைக்கலாம் என்று வைத்தியர் சொன்னார். அக்கா சிரித்தபடி, இந்தக் காலோடுதான் வந்தனான் என்று மறுத்துவிட்டார். நானும் எமிலியாவும் எவ்வளவோ மன்றாடினோம். கடைசி நாட்களில் வலியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. வாசற் படலையைக் கொளுவிப் பூட்டாமல் விடச் சொன்னார். விட்டோம். ஆவணியில் ஒரு காலை, நான் வாயில் பால் விட்டுக்கொண்டிருக்கையில், படலைப் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு என் பக்கம் திருப்பவில்லை.

எங்கள் துயரில் பங்குகொண்ட அனைவருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். மருந்து தேடி அலைந்த அயலவர்களுக்கும், பணம் பெறாது வந்து பார்த்த வைத்தியருக்கும், தமது பங்குக் கோவிலில் அக்காவுக்காக மன்றாடிய எமிலியாவுக்கும், தங்கள் வளவுப் பூக்களைக் கொண்டுவந்து வீட்டை நிறைத்த எல்லா வீட்டாருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

இன்னுமொருவருக்கும் நன்றி சொல்லவேண்டும். எங்கள் ஆண்பிள்ளைகள் பலர் வெளிநாட்டில். பாடை தூக்க மூன்று பேரே நின்றார்கள். ஒரு பெரியவர், இந்த வெய்யிலிலும் மலைநாட்டார்போலக் கம்பளிச் சட்டை போட்டவர், பந்தலுக்கு வெளியே இருந்து எழுந்து வந்து பின்பக்கம் இடது தோளைக் கொடுத்தார். சுடலைவரைக்கும் தோள் மாற்றாமல் போனாராம். மற்ற மூவரும் அவரை இன்னொருவரின் உறவினர் என்றே நினைத்திருக்கிறார்கள். முகத்தை ஒருவருக்கும் நினைவில்லை. திரும்பி வந்து குளித்துச் சாப்பிட இருந்த பந்தியில் அவர் இல்லை. இந்த ஓராண்டாக அரியாலையிலும் வட்டுக்கோட்டையிலும் கொடிகாமத்திலும் கேட்டுப் பார்த்துவிட்டோம், அறிந்தவர் கிடைக்கவில்லை.

இன்று அவருக்கும் ஓர் இலை போட்டிருக்கிறோம். இந்த மலரின் ஒரு பிரதி அவருக்காக வைத்திருக்கிறேன்.